இழுவைக்கு நல்லம், டீசலும் குறைவு

பழைய பிக்கப் ஒன்று வாங்கப் போகிறேன் என்று மகன் வந்து நிற்கிறான். கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "உம்மா, இழுவைக்கு நல்லம், டீசலும் குறைவு" என்றான். கண்டக்குழிக் கடற்கரையில் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு அவன் அறைகள் வாடகைக்கு விடுகிறான். அவர்களை ஏற்றிப் போகும் போட்டை இழுக்க ஒரு வாகனம் வேண்டுமாம். படத்தில் இருந்த பிக்கப்புக்கு அவனைவிட வயது கூட. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன். கண்ணாடி என் தலையில்தான் இருந்தது.

உங்களுக்குச் சொன்னால் விளங்கும். நீங்களும் என் வயதுதான். டீசல் வரிசையில் பாயும் தலையணையும் கொண்டுபோய்ப் படுத்தவர்கள் நாம். யார் வாகனம் வாங்கினாலும் 'முபாரக்' சொல்வதற்கு முன்னால் 'லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?' என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் மகன் சொன்ன அந்தச் சொற்களை நான் முதன்முதலில் கேட்டது அந்த வரிசைகளுக்கு எத்தனையோ காலம் முன்னால். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். சொன்னவர் என் வாப்பா. ஒரு சொல்லும் மாறவில்லை.

அந்தப் பிக்கப் என்ன நிறம் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறக்கும்போது நீலமாக இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது வெயிலும் உப்புக் காற்றும் தின்று, வெளுத்த சாரத்தின் நிறத்தில் இருந்தது. இடதுபக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். உள்ளே இருப்பவர் யன்னலால் கையை விட்டுத் திறந்துகொள்ள வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடி இல்லை. அதற்கென்று ஒரு குறடு ஆசனத்தின் கீழே கிடக்கும். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. வாப்பா ஒரு தென்னை ஈர்க்கை டீசல் தாங்கிக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் பெருவிரல் நகத்தை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் திருப்தியாகத் தலையாட்டுவார். உள்ளே ஏறினால் டீசலும் கருவாடும் வெங்காயத் தோலும் கலந்த ஒரு மணம். அந்த மணம் இப்போது எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் பழைய லொறி ஏதாவது நின்றால் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுப்பேன். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ.

பின்பக்கத்தில் ஒரு கொக்கி. புத்தளத்தில் ஒரு வெல்டிங் கடையில் ஒட்டுவித்தது. யாராவது வண்டியைப் பார்க்க வந்தால் வாப்பா நேரே பின்னால் கூட்டிக்கொண்டு போவார். முன்பக்கத்தைக் காட்டமாட்டார். முன்பக்கத்தில் ஒரு விளக்குக்குப் பதிலாகத் தகரம்தான் இருந்தது.

வாப்பா புத்தளத்து ஆள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். உம்மா வீட்டாரின் காணியில், கிடுகு வேய்ந்த வீட்டில் இருந்தோம். வாப்பா ஒரு முதலாளியின் லொறியில் வெங்காயமும் கருவாடும் ஏற்றிக் கொழும்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். கிடுகு வீடு கல்வீடாக வேண்டும் என்றுதான் உம்மா குவைத்துக்குப் போனார், ஒரு வீட்டில் சமைக்கவும் துடைக்கவும். எங்களை உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, பார்த்துக்கொண்டார். உம்மா போன புதிதில் அத்திவாரம் போட்டார்கள். பிறகு ஒன்றும் எழவில்லை. சாச்சியின் ஆடுகள் அத்திவாரத்தின் மேலே ஏறி நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் நிலம் ஒடுங்கியது. மேற்கே கடல், கிழக்கே அலையில்லாத களப்பு. சோளகக் காற்றுத் தொடங்கினால் கடலில் இறங்க ஏலாது. அப்போது போட்டுகளை எல்லாம் கரையேற்றி, ஊருக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டுபோய்க் களப்பில் விடுவார்கள். காற்று வாடைக்கு மாறியதும் மறுபடி கடல் பக்கம் இழுத்து வருவார்கள். இந்த இழுவைக்கு ஊரில் ஒரேயொரு டிரக்டர்தான் இருந்தது. ஒரு நாள் வாப்பா கொழும்பிலிருந்து லொறியில் வரும்போது கண்ட காட்சி அது: டிரக்டருக்காகக் கரை முழுக்கப் போட்டுகள் காத்துக் கிடக்கின்றன, போட்டுக்காரச் சம்மாட்டிமார் சத்தம் போடுகிறார்கள், டிரக்டர்காரர் மாப்பிள்ளைபோல் நடுவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். வாப்பா கண்டது பொய்யில்லை. ஆனால் அந்த வரிசை வருடத்துக்கு இரண்டு முறைதான் நிற்கும். கடலோடு பிறந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். வாப்பா லொறியோடு பிறந்தவர். பத்து வருடம் கண்டக்குழியில் இருந்தும் கடலை அவர் யன்னலால்தான் பார்த்திருந்தார்.

உம்மாவின் காக்கா, அதாவது அண்ணன், எங்கள் மாமா, கடலுக்குப் போகிறவர். அவர் சொல்லித்தான் பார்த்தார்.

"மச்சான், போட்டு என்ன பஸ்ஸா, ஒவ்வொரு நாளும் போய்ப் போய் வர? இப்ப இழுத்தா இனி வாடைக்குத்தான்."

"அது டிரக்டருக்கு, மச்சான். டிரக்டர் குடிக்கிற டீசலுக்கு மத்த வேல கட்டாது. இது அப்பிடியில்ல. இழுவைக்கு நல்லம், டீசலும் குறைவு. போட்டில்லாட்டி வெங்காயம், வெங்காயமில்லாட்டி ஐஸ். ஒரு கேலன் ஊத்தினாப் புத்தளம் போய்ப் பாலாவி வரைக்கும் திரும்பி வந்திரும்."

"பாலாவியிலருந்து நடந்தா வாற?" என்றார் மாமா.

பிக்கப் வந்த அன்று வாப்பா என்னையும் தம்பியையும் முன்னால் ஏற்றி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார். தம்பிக்கு ஐந்து வயது. ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. களப்புக் கரையில் வண்டியை நிறுத்தி, வாப்பா எங்களிடம் இரகசியம் சொன்னார்.

"இது நல்லா ஓடினா, ஒங்கட உம்மா இனித் திரும்பிப் போகத் தேவல்ல. லீவுல வந்தா வந்ததுதான். வெளங்கிச்சா? உம்மாக்கிட்ட இப்ப சொல்லாதீங்க. வந்து பாக்கட்டும்."

எனக்கு விளங்கியது. அன்றிலிருந்து அந்தப் பிக்கப் ஓடுவது எனக்கு வாகனம் ஓடுவதாக இருக்கவில்லை. எஞ்சின் ஒரு முறை தும்மினாலும் வெளியே ஓடிப்போய்ப் பார்ப்பேன். தொழுகையில் உம்மாவுக்கு ஹயாத்தை, நீண்ட ஆயுளைக் கேட்டேன், அடுத்துப் பிக்கப்புக்குக் கேட்டேன்.

அந்த முதல் கிழமைகளை இப்போது நினைத்தாலும் மனம் ஏங்குகிறது. விடிந்ததும் வாப்பா கடற்கரைக்குப் போவார். மணலில் இறங்குமுன் டயர்களின் காற்றைப் பாதிக்கு இறக்கிவிடுவார். அப்படிச் செய்தால்தான் சில்லு மணலில் புதையாது. அதற்கும் மேலே புதைந்தால் பழைய கிடுகுகளைச் சில்லுக்குக் கீழே செருகுவோம். இரண்டு சில்லு வைத்த சட்டத்தில் போட்டை ஏற்றி, கொக்கியில் மாட்டி, "யா அல்லாஹ்" என்று சொல்லிக் கிளச்சிலிருந்து காலை எடுப்பார். பிக்கப் முனகும். பின்பக்கம் தாழும். பிறகு மெதுவாக, பெருநாள் உடுப்போடு வெளியே வரும் பிள்ளைபோலப் போட்டு அசைந்து வரும். வேலிகளுக்கு மேலே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு போட்டின் மூக்கு மட்டும் தெரியும். பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடுவார்கள். நானும் தம்பியும் ஓடமாட்டோம். நாங்கள் உரிமைக்காரர். பின்தட்டில் நின்றுகொண்டு, ஓடி வருகிறவர்களைப் பார்ப்போம்.

தார் வீதிக்கு வந்ததும் டயர்களுக்குக் கால் பம்பால் திரும்பக் காற்றடிக்க வேண்டும். அதற்கு நானும் தம்பியும். அவன் எண்ணுவான், நான் மிதிப்பேன். எண்ணிக்கை இருபதுக்கு மேலே அவனுக்குத் தெரியாது; திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவான். டிரக்டர்காரர் வேகமாக எங்களைக் கடந்துபோவார், சிரித்துக்கொண்டு. அவருடைய சில்லு என் உயரம். வாப்பா அவரைப் பார்க்கவே மாட்டார். "போகட்டும் விடு. அது ஓடுறதில்ல, குடிக்கிறது" என்பார்.

அந்த நாட்களில் குவைத்துக்குக் கடிதத்தைவிடக் குரல் பதிந்த கசட்தான் போகும். ரேடியோவுக்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உம்மாவுக்குப் பேசுவோம். சாச்சி அழுவார், மாமா மீன் விலை சொல்வார், நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்வேன். பிக்கப்பைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடக் கூடாது என்று வாப்பா விரலை உதட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருப்பார். தம்பிக்கு வாய் நமநமக்கும். சாச்சி அவன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிடுவார். வாப்பா சில நாள் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வேலையிலிருந்து வந்து சேருவார். வந்து, இருமி, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் பேசுவார். எல்லாம் கவனமாகத்தான் செய்தோம் என்று நினைத்திருந்தோம்.

ஊரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால் வேன் பிடித்து, குடும்பம் முழுக்க, அயலவர் பாதியும் சேர்ந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவது வழக்கம். மாமா வேன் பிடிக்கச் சொன்னார். வாப்பா கேட்கவில்லை. சொந்த வாகனம் இருக்கும்போது யாராவது வேன் பிடிப்பார்களா? நாங்கள் மூவரும் பிக்கப்பில் போனோம். கழுவி, ஆசனத்துக்குத் துணி விரித்து, தகர விளக்குக்கு வெள்ளிப் பூச்சுப் பூசியிருந்தார்.

உம்மா வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளையாக, மெலிந்து, வேறு யாருடையவோ உம்மாபோல இருந்தார். தம்பி என் பின்னால் ஒளிந்தான். எங்களைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பிக்கப்புக்கு வந்தோம். வாப்பா கொக்கியைத் தடவிக்கொண்டு நின்றார். உம்மா வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தார்.

"இதுதானா அது?" என்றார்.

வாப்பா கொக்கியிலிருந்து கையை எடுத்தார்.

"கசட்டுல பின்னால ஒரு சத்தம் கேட்டிச்சு. அங்க குசினில வச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டன். பக்கத்து ஊட்டு வண்டியாக்கும் என்டுதான் நெனச்ச. பொறகு பாத்தா, சத்தம் நிக்கிற நேரமெல்லாம் ஒங்கட இருமல் வருது."

வாப்பா சிரிக்கப் பார்த்தார். உம்மா சிரிக்கவில்லை. யன்னலால் கையை விட்டுக் கதவைத் திறப்பது எப்படி என்று தம்பி காட்டிக் கொடுத்தான். சிலாபமும் தாண்டியது. பிறகு உம்மா, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"ஊடு கட்டச் சொல்லிக் காசனுப்பினா, ஊட்டுக்குச் சில்லுப் பூட்டி வச்சிரிக்கிறீங்க."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாப்பாவும் சிரித்தார். தம்பி எதற்கென்று தெரியாமலே எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தான். நாலு பேர் ஒரே ஆசனத்தில் ஒட்டிக்கொண்டு, உம்மாவின் புதுச் சவர்க்கார மணமும் பழைய டீசல் மணமும் சேர்ந்து வர, முந்தல், மதுரங்குளி என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு இந்த உலகத்தில் எந்த வழிப்பயணத்தைத் திரும்பத் தரவேண்டும் என்று யாராவது கேட்டால், அதைத்தான் கேட்பேன். ஹஜ்ஜுக்குப் போனதைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

உம்மாவுக்கு மூன்று மாத லீவு. விசாவை நீட்டாமல் ஊரிலேயே நின்றுவிடலாம்; திரும்பிப் போகாமல் இருந்துவிட்ட பெண்கள் ஊரில் எத்தனை பேர்! எல்லாம் பிக்கப்பின் கையில்தான் இருந்தது. ஆனால் உம்மா வந்து இறங்கியபோது போட்டுகள் எல்லாம் களப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடற்கரையில் காற்று மட்டும்தான். இன்றைக்கு அந்தக் காற்றுக்காக வெள்ளைக்காரன் விமானம் ஏறி வருகிறான். அன்றைக்கு அந்தக் காற்றை நம்பி எங்கள் வீட்டில் அரிசி வேகவில்லை.

வாப்பா முதலாளியின் லொறியையும் விட்டுவிட்டிருந்தார். வேலை தேடிப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பிட்டி, ஆலங்குடா என்று அலைந்தார். வெங்காயக்காரர்களுக்கு ஏற்கெனவே லொறிகள் இருந்தன. ஐஸுக்கும் அப்படியே. கிடைத்த வேலை ஒன்றுதான்: மணலில் புதைந்த வாகனங்களை இழுத்து விடுவது. அதற்கும் காசு கேட்க அவருக்கு வாய் வராது. மாப்பிள்ளையாக வந்த ஊர் அல்லவா, மச்சானும் மாமியும் இல்லாத வீடு எது? ஒரு தேத்தண்ணியோடு திரும்பி வருவார். வந்து ஈர்க்கை விட்டுப் பார்த்து, "பாரு, இவ்வளவு இழுத்தும் நகக் கண் அளவுதான் எறங்கியிரிக்கி" என்று உம்மாவிடம் காட்டுவார். உம்மா ஈர்க்கைப் பார்ப்பார், பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஆனாலும் அந்த நாட்களிலும் சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவள். பற்றரி களைத்துப்போன ஒரு காலையில் வண்டி கிளம்பவில்லை. தள்ளித்தான் எடுக்க வேண்டும். தள்ளுவதற்கு வாப்பா பின்னால் வந்துவிட்டால் உள்ளே யார் இருப்பது? உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். இடது காலால் கிளச்சை மிதித்திரு, நான் சொன்னதும் விடு என்று வாப்பா சொல்லிக் கொடுத்தார். வாப்பாவும் நானும் தம்பியும் தள்ளினோம். வாப்பா "விடு!" என்று கத்தினார். உம்மா விட்டார். பிக்கப் ஒரு குதி குதித்து, கிளம்பி, நிற்கவில்லை. உம்மா நிறுத்தத் தெரியாமல், "இஞ்ச வாங்க! இஞ்ச வாங்க!" என்று கத்திக்கொண்டே சாச்சியின் கிடுகு வேலியை உடைத்துக்கொண்டு போய், முருங்கை மரத்தில் மெதுவாக முட்டி நின்றார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். உம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் வரும் வரைக்கும். முருங்கைப் பூ முழுக்கப் பொனட்டில் கொட்டியிருந்தது.

பெண்பிள்ளை வாகனம் ஓட்டிய கதை மதியம் லுஹர் தொழுகைக்குள் பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டது. மாமா வந்து குதித்தார்.

"ஊருக்குள்ள தல காட்ட ஏலாமப் போச்சு!"

"குவைத்துல நான் தூக்கிற கார்ப்பட்டுக்கு முன்னால இது பஞ்சு, காக்கா" என்றார் உம்மா. "அங்க நான் என்ன செய்றன் என்டு ஊர் கேக்கல்ல. இஞ்ச ஒரு மரத்துல முட்டினதக் கேக்குதா?"

மாமா உடைந்த வேலியைத் தூக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

லீவு முடியப் போகிற நாட்களில் ஒரு காலை, வாப்பாவும் உம்மாவும் முருங்கையடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிடுகுச் சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகை மடியில் வைத்துவிட்டுக் காது கொடுத்தேன்.

"வாட வரட்டும். காத்து மாறினாப் போட்டெல்லாம் திரும்ப இழுக்கணும். அப்ப பாரு" என்றார் வாப்பா.

"காத்து காத்திரிக்கும். விசா காத்திரிக்காது."

"டீசல் குடிக்கிறதே இல்ல இது. செலவே இல்ல."

"குறையக் குடிக்குது, குறையக் குடிக்குது என்டுதான் வந்த நாளிலருந்து சொல்றீங்க. ஓடாம நின்டா இன்னம் குறையத்தான் குடிக்கும்."

நான் காத்திருந்தேன். எங்களிடம் களப்புக் கரையில் சொன்னாரே, அந்த ஒரு வசனத்தை அவர் இப்போது சொல்லிவிட்டால் போதும். 'நீ போகாம இரிக்கத்தான் இத வாங்கின.' சொல்லவில்லை. கொக்கியைப் பற்றிச் சொன்னார், டயரைப் பற்றிச் சொன்னார், எஞ்சினுக்கு வயது போகவில்லை என்றார். மனைவி கட்டும் வீட்டில் இருக்கப் போகும் ஒரு மனிதருக்கு அந்த வசனம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ஆகவே நானே சொன்னேன். அன்று பின்னேரம் உம்மா எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாத தைரியத்தில் சொன்னேன்.

"உம்மா, வாப்பா பிக்கப்ப ஒங்களுக்காகத்தான் வாங்கின. நீங்க திரும்பிப் போகாம இரிக்க."

என் தலையில் இருந்த கை நின்றது. பிறகு மறுபடி வகிடு பிரித்தது.

"தெரியும் மகள்" என்றார். "தெரியாட்டி இத எப்பவோ விக்கச் சொல்லியிருப்பன். நான் இஞ்ச நின்டா இத வித்துத்தான் தின்னணும். ஒங்கட வாப்பா திரும்பவும் மத்தவண்ட லொறிலதான் ஏறணும்."

அவ்வளவுதான். ஒரு பேனை எடுத்து நகத்தில் வைத்து நசுக்கினார். உம்மா போகக் கூடாதென்று வாப்பா வாங்கினார். இவர் விற்கக் கூடாதென்று அவர் போனார். ஒரே பாயில் படுத்த இரண்டு பேர் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நாம் இப்போது பிள்ளைகளுக்கு எதையும் மனம் விட்டுப் பேசுங்கள் என்று புத்தி சொல்கிறோம். நம்மைப் பெற்றவர்களிடம் இதை யார் சொல்லியிருப்பார்கள்?

பயணத்தன்று சுபஹ் தொழுததும், வண்டி கிளம்பக் கூடாது என்று துஆக் கேட்டேன். தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவன் சத்தமாகவே கேட்டான். சாச்சி அவன் வாயைப் பொத்தினார். பற்றரி புதிதல்ல, டயர் புதிதல்ல, எல்லாம் பழையதுதான். ஆனாலும் வாப்பா திறப்பைத் திருப்பியதும், முதல் முறையே, ஒரு இருமலும் இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மதுரங்குளியில் நிற்கும் என்று நினைத்தேன். சிலாபத்தில் நிற்கும் என்று நினைத்தேன். அது அன்றைக்கு ஓடியதுபோல் ஒரு நாளும் ஓடியதில்லை. உம்மாகூட, "நல்லாத்தான் ஓடுது" என்றார்.

கட்டுநாயக்கவில் உம்மா சொன்னதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடு, வெள்ளிக்கிழமையில் தலை முழுகு, சாச்சியோடு வாய் காட்டாதே. வாப்பாவிடம், "இந்த முற கல்லு வைங்க" என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்றார் வாப்பா. உம்மா தம்பியைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பிறகு பையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடிக்கு அப்பால் ஒரே மாதிரிச் சேலையும் ஒரே மாதிரிப் பையுமாகப் பல பெண்கள் நின்றார்கள். அதில் எது உம்மா என்று சரியாகத் தெரியாமலே கை காட்டினோம்.

வண்டிக்குத் திரும்பியதும் வாப்பா பழக்கதோஷத்தில் ஈர்க்கை எடுத்துத் தாங்கிக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தார். "காவாசிகூடப் போகல்ல" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ஈர்க்கை முறித்து எறிந்துவிட்டு ஏறினார். முன்னால் வரச் சொல்லிக் கூப்பிட்டும் நாங்கள் வரவில்லை. பின்தட்டில் உட்கார்ந்துகொண்டோம்.

சிலாபம் தாண்டி, தென்னந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு வேன் ஓரமாக நின்றது. சாரதி வீதிக்கு வந்து கையைக் காட்டினான். கூரையில் பெட்டிகளும் கம்பளிப் பொதிகளும் கயிற்றால் கட்டியிருந்தன. பார்த்தாலே தெரியும், ஏர்போட்டுக்குப் போய் வரும் வேன். சவூதியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போகிறார்களாம். எஞ்சின் செத்துவிட்டதாம். வாப்பா இறங்கி, கயிற்றைக் கொக்கியில் மாட்டினார்.

இழுவைக்கு உண்மையிலேயே நல்ல வண்டிதான் அது. ஒரு குலுக்கல் இல்லை. கயிறு தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. நானும் தம்பியும் பின்னால் பார்த்தபடி இருந்தோம். கயிற்றின் அந்தப் பக்கம், வேனின் முன் கண்ணாடிக்குள், அந்த உம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிள்ளை, தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து இன்னொன்று. தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களைக் கண்டு அவர் கை காட்டினார். தம்பியும் கை காட்டினான். பாலாவிச் சந்தியில் நாங்கள் கண்டக்குழிக்குத் திரும்ப வேண்டும். வாப்பா திரும்பவில்லை. உப்பளங்களைத் தாண்டி, புத்தளத்தில் அவர்களுடைய வாசல் வரைக்கும் இழுத்தார்.

வீட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அந்தப் பெண் அதை எல்லாம் விட்டுவிட்டு எங்களிடம் வந்து, தம்பியின் கையில் ஒரு பிடி சொக்லட்டை வைத்து, தலையைத் தடவினார்.

"உம்மா எங்க மகன்?" என்று அவனிடம் கேட்டார்.

தம்பி வாப்பாவைப் பார்த்தான். வாப்பா கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"ஊட்டுல இரிக்காங்க" என்றார். "எங்களப் பாத்திட்டு இரிப்பாங்க."

"அப்ப நிக்காதீங்க தம்பி, போங்க போங்க" என்றார் அந்தப் பெண் வாப்பாவிடம்.

திரும்பி வரும் வழி முழுக்கத் தம்பி சொக்லட்டைத் தின்னவில்லை. உம்மாவுக்கு என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் தன் கண்ணால்தான் உம்மா உள்ளே போனதைப் பார்த்தான், கையும் காட்டினான். ஆனால் வாப்பா சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். பொழுது பட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வண்டி நிற்குமுன்னே அவன் குதித்தான். அத்திவாரத்தின் மேலே ஏறி, ஆடுகளை விலக்கிக்கொண்டு, "உம்மா! உம்மா!" என்று கூப்பிட்டபடி வீட்டுக்குள்ளே ஓடினான்.

வாப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார், இறங்கவில்லை.

"போய் அவனப் புடி மகள்" என்றார்.